மந்திரவாதியிடமிருந்து குடும்பத்தை மீட்கும் சாகசக் கதை: எட்டு வயதுப் பிள்ளைக்கு எதைச் சொல்லலாம்?

சூனியக்காரனிடம் அகப்பட்ட குடும்பத்தை ஒரு பிள்ளை மீட்டு வருகிற கதை வேண்டும், ஆனால் எட்டு வயது மகள் இரவில் பயந்து எழும்பக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாகத் தேடி அலைய வேண்டாம். கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதி கதையையே எடுங்கள். யாழ்ப்பாணத்தில் கரண்ட் போகிற இரவுகளில் என் பெறாமகளுக்கு நான் சொல்வது அதைத்தான்.

இதற்குப் பல வடிவங்கள் உண்டு. நான் எடுத்துக்கொண்டது 1868இல் மேரி ஃப்ரியர் அச்சேற்றிய தக்காணக் கதைத் தொகுப்பில் இருப்பது. அவருக்கு அந்தக் கதைகளைச் சொன்னவர் வீட்டு ஆயா, அன்னா லிபராட்டா டி சூசா. பஞ்ச்கின் என்ற மந்திரவாதி ஒருத்தியின் கணவனையும் அவனுடைய அண்ணன்மாரையும் கல்லாக்கிவிட்டு, அவளைக் கோபுரத்தில் அடைத்துவிடுகிறான். அவள் விட்டுப்போன கைக்குழந்தை வளர்ந்து தாயைத் தேடிப் புறப்படுகிறான்.

எனக்கு அந்தத் தாயைத்தான் பிடிக்கும். சும்மா அழுதுகொண்டு இருக்கவில்லை. கல்யாணத்துக்குச் சம்மதிப்பதுபோல நடித்து, "உங்களுக்குச் சாவே கிடையாதோ?" என்று நைசாகக் கேட்டு, உயிர் இருக்கும் இடத்தை அவன் வாயாலேயே கறந்துவிடுகிறாள். நடுக்காட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு தண்ணீர்ப் பானைகள், அடிப்பானைக்குக் கீழே சின்னக் கூடு, கூட்டுக்குள் பச்சைக்கிளி. இடம் தெரிந்துவிட்டதென்றால் பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும். அதனால் இதைக் கதையில் நேரத்தோடே சொல்லிவிடுங்கள்.

நான் சொல்லும்போது கிளியை யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான நெடுந்தீவுக்குக் கொண்டுபோய்விட்டேன். குறிகட்டுவான் துறையில் படகு ஏற வேண்டும், கடல் அடித்தால் சத்தியும் வரும். இறங்கினால் கட்டாக்காலிக் குதிரைகள், பவளக்கல் அடுக்கிய மதில்கள், ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்கு மரம். ஒளித்து வைக்க வேறு இடம் எதற்கு? பொந்துக்குள் அந்த ஆறு பானைகள், எங்கள் பேச்சில் ஆறு முட்டி. ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. இங்கே நான் அவசரப்படுவதே இல்லை. நாலாவது முட்டியில் எப்போதும் ஒரு தவளை இருக்கும். ஐந்தாவதில் என்ன என்பதை என் பெறாமகள்தான் சொல்வாள். போன தடவை பாம்பு, அதற்கு முதல் ஐஸ்கிறீம்.

கிளி கைக்கு வந்ததும் மந்திரவாதியைச் சாகடித்துவிடாதீர்கள். அப்புறம் கல்லானவர்களை யார் எழுப்புவது? மூலக்கதைப் பையன் கெட்டிக்காரன். முதலில் அப்பா, பிறகு மற்ற எல்லோரும் என்று பேரம் பேசி முடித்த பிறகுதான் கிளியின் சிறகைப் பிய்க்கிறான், அங்கே மந்திரவாதியின் கை விழுகிறது. அந்தப் பிய்ப்பு எட்டு வயதுக்கு வேண்டாம். என் கதையில் கிளியைப் பறக்க விட்டால் மந்திரம் போய்விடும், அவன் அந்தக் குதிரைகளுக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டு கிடப்பான்.

அயல் பிள்ளைகளும் வந்து இருந்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துக்கொள்வேன். போரில் காணாமல்போனவரின் படத்தை வைத்துக்கொண்டு இன்றும் காத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு. கல்லான அப்பா எழும்பி வருகிற கதையை அங்கே சொல்ல எனக்கு மனம் வராது. அப்பாவுக்குப் பதிலாகப் பையனின் தம்பியை ஆட்டுக்குட்டியாக்கிப் படலையடியில் கட்டிவிடுவேன், மற்றதெல்லாம் அதேதான்.

கதை முடிந்தும் நித்திரை வராவிட்டால், அடுத்த இரவு ஆறு முட்டியைப் பத்தாக்கிக்கொள்ளுங்கள்.