பாண்ட் இசை, ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

திரையிசை பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு 26 வயது. இரவுப் பணி. கீபோர்டு ஓரளவு வாசிப்பேன். நண்பர்கள் எடுக்கும் ஒரு குறும்படத்துக்கு இசையமைக்கக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றரை ஆண்டுக்கு முன் அம்மா தவறிவிட்டார். அதன்பிறகு என்னால் பாட்டே கேட்கமுடிவதில்லை, சொற்கள் வந்தாலே அணைத்துவிடுகிறேன். பின்னணி இசை மட்டும்தான். ஜேம்ஸ் பாண்ட் படங்களின் இசையை எல்லாம் ஒரே பிளேலிஸ்டாகச் சேர்த்து, பாடல்களை மட்டும் நீக்கிவிட்டு, ஷஃபிளில் போட்டு இரவெல்லாம் ஓடவிடுகிறேன்.

சில கேள்விகள். பாண்ட் தீம் உண்மையில் யாருடையது, மான்டி நார்மனா, ஜான் பேரியா? 'ஆக்டபுஸி'யில் நம் விஜய் அமிர்தராஜ் பாம்பாட்டியாக வந்து மகுடியில் அந்த தீமை வாசிப்பார், அதைத் தவிர இந்திய இசை ஏதாவது அந்தப் படங்களில் உண்டா? ஹான்ஸ் ஜிம்மர் வந்தபிறகு பழைய ஆர்கெஸ்ட்ரா இசை காலாவதியாகிவிட்டது, புல்லரிக்க ஒரு பேஸ் ஸ்வரம் போதும் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சிறந்த பத்து பாண்ட் பட இசையை வரிசைப்படுத்தித் தரமுடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் அம்மாவுக்கு என் அஞ்சலி. ஒன்றரை ஆண்டு என்பது ஒன்றுமே இல்லை. பாட்டு கேட்கமுடியவில்லை என்றால் கேட்கவேண்டாம், அதில் யாரும் உங்களை அவசரப்படுத்த உரிமையில்லை.

ஆனால் 'பாடல்களை மட்டும் நீக்கிவிட்டு' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுவோம். 1962ல் வந்த முதல் பாண்ட் படமான 'டாக்டர் நோ'வுக்கு இசையமைத்தவர் மான்டி நார்மன். வி.எஸ்.நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை மேடை இசைநாடகமாக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அதற்காக, டிரினிடாட் இந்தியர் ஒருவர் பாடுவதற்கென்று, சித்தார் சாயலில் அவர் போட்டுவைத்திருந்த மெட்டுதான் பாண்ட் தீம் ஆனது. தயாரிப்பாளர்களுக்கு அது போதவில்லை, ஜான் பேரியை அழைத்தார்கள். விக் ஃப்ளிக்கின் கிட்டார், பித்தளை வாத்தியங்களின் அலறல், நடுவில் துள்ளி வரும் ஜாஸ் எல்லாம் பேரியின் கைவண்ணம். அந்த மெட்டே பேரியுடையதுதான் என்று 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை எழுதியது. 2001ல் லண்டனில் அவதூறு வழக்கு நடந்து நார்மன் ஜெயித்தார், பத்திரிகை அவருக்கு 30,000 பவுண்டு கொடுத்தது. இருவருமே இப்போது இல்லை. இந்திய இசை உண்டா என்ற கேள்விக்கும் இதுதான் பதில், மகுடிக்கு முன்பே அந்த மெட்டு நம் பக்கத்திலிருந்து கிளம்பியதுதான். பட்டியல் தரமாட்டேன். பத்து, இருபது என்று வரிசை போடுவதெல்லாம் இசை கேட்காதவர்களின் பொழுதுபோக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பாடலை நீக்கிவிட்டு பின்னணி இசையை மட்டும் கேட்பதாகச் சொல்கிறீர்கள். ஜான் பேரியின் படங்களைப் பொறுத்தவரை அப்படி ஒரு பிரிவே கிடையாது தம்பி. இரவு முழுக்க நீங்கள் பாட்டுதான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அவர் 11 பாண்ட் படங்களுக்கு இசையமைத்தார். 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' பாட்டு லியோனல் பார்ட் எழுதியது, அதை விட்டுவிடுவோம். 1964ல் 'கோல்ட்ஃபிங்கர்' வந்ததிலிருந்து அவருடைய வழி ஒன்றுதான். முதலில் பாட்டு. அதன் மெட்டை உடைத்து, நீட்டி, சுருக்கி, வேகம் மாற்றி, படம் முழுக்கப் பரப்புவது. ஷெர்லி பாஸி அந்தப் பாட்டை டைட்டில் திரையில் ஓட ஓடப் பாடினார். எழுத்துகள் முடியும்வரை கடைசி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டியிருந்ததாம். அந்த வெறிகொண்ட குரல் நம் காதில் தங்கிவிடுகிறது. அப்புறம் உடம்பெல்லாம் தங்கப்பூச்சோடு ஒரு பெண் இறந்துகிடப்பதை பாண்ட் பார்க்கும்போது அதே மெட்டு வருகிறது, மெதுவாக, உடம்பில் சூடே இல்லாததுபோல. பாட்டைக் கேட்டவனுக்குத்தான் அங்கே என்ன நடக்கிறது என்று தெரியும். பாட்டை வெட்டி எறிந்துவிட்டு அந்தத் துண்டை மட்டும் கேட்டால் ஏதோ சோகமான ஆர்கெஸ்ட்ரா, அவ்வளவுதான். நீங்கள் செய்வது விதைநெல்லை விற்றுவிட்டு வயலைப் பார்க்கப்போவது.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். பகலில் தையல் வேலை, மற்ற நேரத்தில் பேண்டு செட்டில் டிரம்பெட். கல்யாண ஊர்வலம், சாவு ஊர்வலம் இரண்டுக்கும் போவார். பாண்ட் படப் பாடல்கள் பதிந்த ஒரு கேசட்டை எங்கிருந்தோ வாங்கிவைத்திருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குப் பள்ளிக்கூட இங்கிலீஷ் கொஞ்சம் உண்டு. கேசட்டை நிறுத்தி நிறுத்தி, கேட்கிற வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரச்சொல்வார். நீங்கள் டிரம்பெட்தானே வாசிக்கப்போகிறீர்கள், சொல் எதற்கு என்று கேட்டேன். எங்கே மூச்சு விடுவது என்று சொல்லுக்குத்தானே தெரியும் என்றார். நான் தப்பும் தவறுமாக எழுதிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு முதலில் வாயால் பாடுவார், பலமுறை. அதன்பிறகுதான் டிரம்பெட்டைக் கையில் எடுப்பார். அந்த ஊர்வலத்தில் நின்ற யாருக்கும் அந்தச் சொற்கள் தெரியாது, ஆனால் அவர் வாசித்ததில் அவை இருந்தன.

ஜான் பேரியும் டிரம்பெட் வாசித்தவர் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். இங்கிலாந்தில் யார்க் நகரத்துக்காரர். அப்பா தியேட்டர்கள் வைத்திருந்தார், பையன் படம் பார்த்தே வளர்ந்தான். ராணுவச் சேவையில் இருந்தபோது அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஸ்டான் கென்டனின் இசைக்குழுவுக்கு எழுதிய பில் ரூஸோவிடம் தபால் வழியாகப் பாடம் கற்றார். பாண்ட் படங்களில் கேட்கும் அந்தப் பித்தளைச் சத்தம் கென்டன் வழியில் வந்தது. ஆனால் என்னைப் பொறுத்தவரை அதைவிட முக்கியம், அவருடைய மெட்டுகள் எல்லாமே மூச்சுவிடும் மனிதனுக்காகப் போட்டவை. ஸ்ட்ரிங்ஸ் வாசிக்கிறவர்களுக்கு மூச்சுப் பிரச்சினையே இல்லை, வில்லை இழுத்துக்கொண்டே போகலாம். பேரியின் வயலின்கள் அப்படிப் போவதில்லை. ஒரு வரி முடிந்ததும் நிற்கும், பிறகு அடுத்தது எடுக்கும். விண்வெளியில் ஆளைக் கொல்லும் காட்சிக்குக்கூட, 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில், அவர் கொடுத்தது அவசரமே இல்லாத ஒரு நடை. இன்றைக்கு யாராக இருந்தாலும் அங்கே டிரம்ஸ் போட்டுக் காதைக் கிழித்திருப்பார்கள்.

இந்த வழி எவ்வளவு வலுவானது என்பது அது தடுக்கப்பட்ட இடங்களில்தான் தெரிகிறது. 1965ல் 'தண்டர்பால்'. 'மிஸ்டர் கிஸ் கிஸ் பேங் பேங்' என்ற பாட்டைத்தான் முதலில் போட்டார், பாஸியும் டியோன் வார்விக்கும் தனித்தனியாகப் பாடிப் பதிவும் ஆனது. படத்தின் பெயர் பாட்டில் இல்லையே என்று மேலே இருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். கடைசி நேரத்தில் டான் பிளாக் எழுதி டாம் ஜோன்ஸ் பாடிய பாட்டு வந்தது. ஆனால் ரீரெக்கார்டிங்கில் பெரும்பகுதி பழைய பாட்டின் மெட்டிலேயே நின்றுவிட்டது. பாடலை வெட்டினார்கள், படத்திலிருந்து அதை எடுக்கமுடியவில்லை. 32 ஆண்டு கழித்து அதே கதை. 'டுமாரோ நெவர் டைஸ்' படத்துக்கு டேவிட் ஆர்னல்ட் 'சரண்டர்' என்ற பாட்டைப் போட்டு, அதன்மேல் மொத்த இசையையும் கட்டினார். கே.டி.லாங் பாடினார். டைட்டிலுக்கு ஷெரில் க்ரோவின் பாட்டைப் போட்டுவிட்டு இதைப் படத்தின் கடைசிக்குத் தள்ளினார்கள். போய்க் கேளுங்கள், படம் முழுக்க ஓடுவது அந்தத் தள்ளப்பட்ட பாட்டுதான். முகம் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்து, எல்லாரும் கிளம்பும்போது வாசலில் வந்து அறிமுகம் செய்துகொள்கிறார். இப்போதும் அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

'கோல்டன் ஐ' இதற்கும் கீழே. டீனா டர்னரின் பாட்டு ஒருபக்கம், எரிக் செராவின் இசை இன்னொரு பக்கம், ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல். டாங்கி துரத்தல் காட்சிக்கு வேறொருவரை வைத்துப் புதிதாக இசை எழுதவேண்டிவந்தது. 'ஸ்கைஃபால்' பாட்டு ஆஸ்கர் வாங்கிய முதல் பாண்ட் பாட்டு, அடெலின் குரலை நானும் விரும்பிக் கேட்பேன், ஆனால் தாமஸ் நியூமன் அந்த மெட்டை மக்காவ் சூதாட்ட விடுதிக் காட்சியில் எட்டிப்பார்க்க வைத்ததோடு சரி. பாட்டு ஒரு கம்பெனிச் சரக்கு, இசை இன்னொரு கம்பெனிச் சரக்கு. நம் ஊரில் பாட்டும் ரீரெக்கார்டிங்கும் பெரும்பாலும் ஒரே ஆள் கையில் இருப்பதால் இந்த அனாதைத்தனம் நமக்குச் சட்டென்று புரியாது.

'த லிவிங் டேலைட்ஸ்' என்று ஒரு படம், 1987, பேரியின் கடைசி பாண்ட் படம். கொலைகாரன் ஹெட்போனில் ஒரு பாட்டு கேட்டுக்கொண்டே திரிவான். ப்ரிடெண்டர்ஸ் குழுவின் பாட்டு, பேரியும் கிறிஸ்ஸி ஹைண்டும் சேர்ந்து போட்டது. ஹெட்போனிலிருந்து கசியும் அந்த மெட்டை ஆர்கெஸ்ட்ரா அப்படியே பிடுங்கிக்கொள்ளும், அதன்பிறகு அது கேட்டாலே கொலை நடக்கப்போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். படத்தின் முடிவில் மேடையில் நின்று இசைக்குழுவை நடத்துபவர் பேரியேதான்.

இப்போது உங்கள் பேஸ் ஸ்வரத்துக்கு வருகிறேன். 'ஒரு ஸ்வரம் போதும்' என்று சொல்வது சோம்பேறித்தனம். இசையமைக்க வந்திருக்கும் ஒரு பையன் அதைச் சொல்லக்கூடாது. ஜிம்மரே அப்படி நினைக்கவில்லையே! 2021ல் 'நோ டைம் டு டை' கைக்கு வந்தபோது அவர் போய் நின்ற இடம் எது? 1969ன் 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்'. லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பாடிய 'வீ ஹேவ் ஆல் த டைம் இன் த வேர்ல்ட்'. அந்த மெட்டைத் தொடக்கத்திலேயே எடுத்துவைத்தார், கடைசியில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் குரலையே ஓடவிட்டார். 52 ஆண்டு பழைய பாட்டு. காலாவதியாம்!

அந்த 1969 படத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். டைட்டிலில் பாட்டு கிடையாது, மூக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியம் அடியில் உறும ஒரு வாத்திய இசை மட்டும். பாட்டு படத்தின் நடுவில் வருகிறது, பாண்டும் ட்ரேஸியும் காதலிக்கும் காட்சிகளின்மேல். வரிகள் ஹால் டேவிட். உலகத்தின் நேரமெல்லாம் நம்முடையது என்று, உடல்நலம் கெட்டிருந்த ஒரு கிழவர் பாடுகிறார். பாடிய இரண்டே ஆண்டில் ஆர்ம்ஸ்ட்ராங் இறந்துபோனார். பேரி அந்தக் குரலை வேண்டுமென்றுதான் கேட்டார். படத்தின் முடிவில், கல்யாணம் முடிந்த சற்று நேரத்தில், ட்ரேஸி காரிலேயே சுடப்பட்டுச் சாகிறாள். அப்போது அதே மெட்டு வருகிறது, ஆர்ம்ஸ்ட்ராங் இல்லாமல், சொல் இல்லாமல், வெறும் ஸ்ட்ரிங்ஸில். அங்கே ஒருவரும் பாடவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் நமக்குக் கேட்கிறது, பாடியிருந்தால் கேட்டிருப்பதைவிடக் கூடுதலாக. அந்த மெட்டு முன்னால் யாருடைய வாயிலாவது இருந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் இந்த இடத்தில் அழுகை வராது, எத்தனை வயலின் போட்டாலும் வராது.

உங்கள் பிளேலிஸ்டில் அந்தத் துண்டு நிச்சயம் இருக்கும். ஷஃபிளில் அதற்கடுத்து ஏதோ கார் துரத்தல் வரும். அதைச் செய்யாதீர்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஆல்பமாகக்கூட வேண்டாம், படமாக, முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள். பாட்டு வரும் இடத்தில் தாங்கமுடியவில்லை என்றால் எழுந்து போய்விட்டு இன்னொரு நாள் பாருங்கள், அதில் தப்பில்லை.

குறும்படத்துக்கு இசையமைத்து முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், கேட்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் மெட்டை உங்கள் குரலிலேயே பாடி, கீபோர்டைத் தொடாமல், போனில் பதிவுசெய்து அனுப்புங்கள். குரல் நன்றாக இல்லை என்று சாக்குச் சொல்லக்கூடாது. எந்த இடத்தில் மூச்சு விடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.