குழந்தைகள் எதிரில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 44. வங்கி வேலைக்கு நடுவே சிறார் நாவல் எழுதுகிறேன். 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கானவை, இதுவரை மூன்று வந்திருக்கின்றன. எழுத உட்கார்ந்தால் குழந்தைகள் எனக்கு அவ்வளவு நெருக்கம். அதே குழந்தைகள் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டால் கை சில்லிட்டுப் போகிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

பள்ளியில் பேச அழைப்பு வந்தால் மூன்று நாள் முன்பிருந்தே தூக்கம் கெடுகிறது. பேச்சை முழுதாக எழுதி மனப்பாடம் செய்கிறேன். அங்கே போனதும் தாளை விட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை. கடந்த பிப்ரவரியில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போனேன். மதியம் 2 மணி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தரையில் 220 பிள்ளைகள், கூவிக்கொண்டே இருந்த மைக். கம்போடு ஒரு ஆசிரியர் வரிசை வரிசையாகச் சுற்றி வந்தார். ஐம்பது நிமிடம் பேசினேன். பாதியில் மூன்றாவது வரிசைப் பையன், “எப்ப மிஸ் முடியும்?” என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இன்னொரு குழந்தை, என் நாவலில் வரும் நாயைப் பற்றி, “அந்த நாயை ஏன் சாகடிச்சீங்க?” என்று கேட்டது. “அது சாகல, சாமிகிட்ட போயிருக்கு” என்று உளறினேன். வீடு திரும்பியதிலிருந்து அந்த இரண்டு வாக்கியங்களும் மாறி மாறி மனத்தில் ஓடுகின்றன. இரண்டு வாரம் ஒரு வரி எழுத ஓடவில்லை.

கிளம்பும்போது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையில் ஒரு தாளைத் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்து எட்டாக மடித்த தாள். “அக்கா, உங்க கதைல வர்ற பொண்ணு மாதிரிதான் நானும். வீட்டுல யாரும் என்கிட்ட பேச மாட்டாங்க. ஸ்கூல் விட்டா வீட்டுக்குப் போகவே புடிக்கல. நீங்க மறுபடி எப்ப வருவீங்க? யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று எழுதி, பெயரும் வகுப்பும் போட்டிருந்தாள். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

ஜூலையில் இன்னொரு பள்ளிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். மேடை நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறது, ப்ரோப்ரனலால் போட்டுக்கொண்டு போ என்கிறாள் தோழி. எனக்கு வீசிங் உண்டு. பேசாமல் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை மாவட்டம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மாத்திரை வேண்டாம். ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்களுக்கு ப்ரோப்ரனலால் மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆபத்தில் விடலாம். தோழி சொன்னாள் என்பதற்காக நீங்கள் தொடாதீர்கள்.

அடுத்தது அந்தத் தாள். நீங்கள் அதை நடுக்கத்துக்குப் பிறகு எழுதியிருக்கிறீர்கள், நான் அதை நடுக்கத்துக்கு முன்பே எடுத்துக்கொள்கிறேன். அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. “யாரும் பேச மாட்டாங்க” என்பது தனிமை. அதற்கு நீங்கள் பதில் எழுதலாம். “வீட்டுக்குப் போகவே புடிக்கல” என்பது வெறும் சலிப்பாகவும் இருக்கலாம், அடி உதையாகவும் இருக்கலாம், அதைவிட மோசமானதாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்துக்கொண்டு நீங்களும் நானும் ஊகிக்க முடியாது. அவளை அன்றாடம் பார்க்கிற பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம் அது.

இன்றே பள்ளித் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். தாளில் உள்ள வாக்கியங்களை அப்படியே, உங்கள் விளக்கம் சேர்க்காமல் வாசித்துக் காட்டுங்கள். வகுப்பின் முன்னால் விசாரிக்க வேண்டாம், பெற்றோரை உடனே கூப்பிட்டு “உங்க பொண்ணு இப்படி எழுதியிருக்கா” என்று சொல்ல வேண்டாம், அவள் நம்புகிற ஆசிரியை ஒருவர் தனியாகப் பேசட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேசிய தேதி, நேரம், அவர் சொன்ன பதில் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். இரண்டு நாளில் மறுபடி கூப்பிட்டு விசாரியுங்கள். அவர் தட்டிக்கழித்தால் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக மேற்கொண்டு விசாரிப்பார்கள்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று அவள் கேட்டிருக்கிறாளே என்று உங்களுக்கு உறுத்தும். நீங்கள் அதற்கு வாக்குக் கொடுக்கவில்லை. இனிமேல் எந்தக் குழந்தைக்கும் கொடுக்கவும் கூடாது. யாராவது “ஒரு ரகசியம் சொல்லட்டுமா” என்று வந்தால், அது வாயைத் திறக்கும் முன்பே, “சொல்லும்மா. உனக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா, உதவி பண்றவங்க ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லுவேன்” என்று சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு துருவித் துருவிக் கேட்காதீர்கள். “யாரு, எங்க, எத்தனை தடவை” என்று கேட்டு வாங்குவது உங்கள் வேலையல்ல. திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் குழந்தை மருண்டு, சொன்னதையே மறுத்துவிடும். பாலியல் தொந்தரவு என்று தெரியவந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தக் கடமை உங்களுக்கும் உண்டு. பள்ளியிடம் சொன்னதோடு அது தீர்ந்துவிடாது. சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், பொறுப்பான பெரியவர் ஒருவர் வந்து சேரும்வரை அவளைத் தனியாக விடாதீர்கள்.

இப்போது அவளுக்கான பதில். அரைப் பக்கம் போதும், கையால் எழுதுங்கள். பள்ளி முகவரிக்கு, தலைமையாசிரியருக்குத் தெரிந்தே அனுப்புங்கள். உங்கள் கைப்பேசி எண்ணைத் தராதீர்கள். இரவு 11 மணிக்கு அவள் அழைத்து நீங்கள் எடுக்காமல் போனால், வீட்டில் பேச ஆளில்லாத பிள்ளைக்கு இன்னொரு கதவும் சாத்தியதாகிவிடும். “தாமதமாக எழுதுகிறேன், மன்னிச்சுக்கோ. நீ எழுதியதை நான்கு தடவை படித்தேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தது எனக்குக் கவலையாக இருந்தது. அதனால் உன் டீச்சரிடம் பேசச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்” என்று, செய்ததைச் செய்தபடியே எழுதுங்கள். உங்கள் நாவலில் அவளுக்கு எந்த இடம் பிடித்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். வர முடியாத ஊருக்கு “சீக்கிரம் வர்றேன்” என்று மட்டும் எழுதாதீர்கள்.

இனி உங்கள் நடுக்கம். 1995-இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்த வகைப் பதற்றம் எப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது என்று விளக்கினார்கள். மூன்று கட்டங்கள். போவதற்கு முன் “சொதப்பப் போகிறேன்” என்ற முன்கணிப்பு. அங்கே நிற்கையில் கவனம் முழுக்கத் தன் மேல்: கை நடுங்குகிறதா, குரல் கம்முகிறதா. வீட்டுக்கு வந்ததும் அசைபோடுதல். உங்களிடம் மூன்றும் இருக்கின்றன. நடுவில் உள்ளதுதான் ஆணிவேர். 220 பிள்ளைகள் எதிரில் இருந்தும் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது உங்களைத்தான். மனப்பாடமும் தாளும் பாதுகாப்பு போலத் தோன்றும். ஆனால் “அடுத்த வரி என்ன” என்ற தேடல் கண்ணைக் குழந்தைகளிடமிருந்து பிடுங்கிவிடுகிறது. அப்போது அவர்கள் நெளிகிறார்கள். நெளிவது உங்கள் காதில் தீர்ப்பாக விழுகிறது.

அந்தப் பையனுக்கும் நியாயம் செய்வோம். சோறு சாப்பிட்டுவிட்டு 2 மணிக்கு, வெந்துகிடக்கும் கூரையின் கீழ், பாதி புரியாத மைக்கில் ஐம்பது நிமிடப் பேச்சு என்றால் பெரியவர்களே கொட்டாவி விடுவார்கள். அவனுக்குக் காலும் மரத்துப்போயிருக்கும்.

அதனால் ஜூலைக்கு முதலில் அரங்கை மாற்றுங்கள். அழைக்கும்போதே கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். காலை 10 மணியையொட்டி, ஒரு பாடவேளை, அதாவது 40 நிமிடம். இரண்டு வகுப்புப் பிள்ளைகள், 60 பேருக்கு மிகாமல். மைக் இல்லாமல் அரைவட்டமாகத் தரையில் உட்கார வையுங்கள், நீங்களும் தாழ்வான முக்காலியில் உட்காருங்கள். “நான் இருக்கும்போது கம்பு உள்ளே இருக்கட்டும் சார்” என்று தன்மையாகச் சொல்லுங்கள், கம்பு நடமாடும் இடத்தில் கேள்வி பிறக்காது. இரண்டு வாரம் முன்பே மூன்று பிரதிகள் அனுப்பி, வகுப்பில் முதல் அத்தியாயத்தை யாராவது வாசித்துவிடும்படி கேளுங்கள். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வருகின்றன அல்லவா, ஒரே ஆறாம் வகுப்பில் நான்கு படியிலும் பிள்ளைகள் இருப்பார்கள். எல்லோரும் நாவலைப் படித்திருப்பார்கள் என்று எண்ணிப் போனால் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

பேச்சு வேண்டாம். இரண்டு நிமிடம் அறிமுகம், பிறகு ஆறு ஏழு நிமிடம் வாசிப்பு. 500 முதல் 600 சொற்கள் போதும். சிக்கல் முற்றுகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். “யாருக்காவது கேள்வி இருக்கா?” என்று கேட்டால் முதல் வரிசையில் ஆசிரியர் தயார்செய்து உட்கார வைத்த இரண்டு பேர்தான் எழுவார்கள். அதற்குப் பதிலாகப் பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் பேசி, இருவருமாக ஒரு கேள்வியைத் துண்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். கூச்சமுள்ள பிள்ளையின் கேள்வி அப்போதுதான் வெளியே வரும். நீங்கள் அவர்களைத் திருப்பிக் கேட்கும்போது மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பதற்றத்தில் ஒரே நொடியில் நாமே பதிலைச் சொல்லிவிடுவோம்.

நாய்க் கேள்வி மறுபடி வரும். பத்து வயதுக் குழந்தைக்குச் செத்தது திரும்பாது என்று தெரியும். சாமிகிட்ட போயிருக்கு என்றால், இவங்களாலும் இதைப் பேச முடியவில்லை என்றுதான் அதற்குப் புரியும். “ஆமா, செத்துடுச்சு. எழுதும்போது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நீ அந்த இடத்தைப் படிச்சப்ப என்ன பண்ணின?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை புத்தகத்தை மூடி வைத்திருக்கும், ஒன்று தன் வீட்டு நாயைப் பற்றிச் சொல்லும், ஒன்று இறந்துபோன தாத்தாவைப் பற்றிச் சொல்லும். “எவ்வளவு சம்பாதிப்பீங்க?” என்பதற்கும் மழுப்ப வேண்டாம். பத்து சதவீத ராயல்டி என்றால் 100 ரூபாய் புத்தகத்துக்கு 10 ரூபாய், கரும்பலகையில் கணக்குப் போட்டே காட்டலாம்.

கையெழுத்து நேரம்தான் பல பிள்ளைகளுக்கு வலிக்கிற நேரம். புத்தகம் வாங்கக் காசில்லாதவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். ஒரு ஏ4 தாளை எட்டாக வெட்டினால் எட்டுப் புத்தகக் குறிகள், 60 பேருக்கு 8 தாள். முந்தின நாளே கையெழுத்திட்டு எடுத்துப் போங்கள், அங்கே பெயரை மட்டும் எழுதித் தந்தால் போதும். ஒவ்வொரு பெயரையும் கேட்டு எழுதுகிற அந்த நேரம் உங்களுக்கும் நல்ல பயிற்சி. கண் தானாக எதிரில் நிற்கும் முகத்துக்குப் போகும்.

உடம்புக்கு: புறப்படும் முன் ஐந்து நிமிடம், நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். பிள்ளைகள் எதிரில் இதைச் செய்யாதீர்கள். அங்கே மூச்சை எண்ண ஆரம்பித்தால் கவனம் மறுபடி உங்கள் மேலேயே திரும்பிவிடும். கை நடுங்கினால் நடுங்கட்டும், புத்தகத்தை மடியில் வைத்து வாசியுங்கள். வாய் உலர்ந்தால் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

போவதற்கு முன் ஒரு அட்டையில் உங்கள் பயத்தை அளவோடு எழுதுங்கள்: “பாதிப் பேர் சலித்துப்போவார்கள், 80 சதவீதம் நம்புகிறேன்” என்பதுபோல. அங்கே உங்களுக்கு வெளியே உள்ள மூன்று விஷயங்களைக் கவனித்து வாருங்கள். எத்தனை துண்டுத் தாள் வந்தது, எந்த வரியில் சிரித்தார்கள், யார் முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். அன்று மாலை 15 நிமிடம், அட்டையின் பின்பக்கத்தில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். ராத்திரி மனம் மறுபடி அரைக்கத் தொடங்கினால் எழுந்து விளக்கைப் போட்டு அந்த அட்டையைப் படியுங்கள். மறுநாள் நாவல் எழுத உட்காராதீர்கள். 60 பிள்ளைகளோடு இருந்துவிட்டு வந்த களைப்பு அது, எழுத்து வற்றிப்போனதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். மாதத்துக்கு ஒரு பள்ளி என்று ஆரம்பியுங்கள்.

ஐந்தாறு பள்ளிகளுக்குப் பிறகும் தூக்கம் இப்படியே கெட்டால், அல்லது வங்கியில் நாலு பேர் கூடும் கூட்டத்துக்கும் இதே நடுக்கம் வந்தால், நேரில் ஒரு உளவியல் நிபுணரைப் பாருங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம். எழுத்தோடு நிறுத்திக்கொள்வதா என்ற கேள்வியை அதுவரை தள்ளி வையுங்கள். இப்போதே நின்றுகொண்டால் அந்த 2 மணிக் கூட்டம்தான் உங்கள் கடைசி அனுபவமாகத் தங்கிவிடும்.

ஜூன் பிறந்துவிட்டது. அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போயிருப்பாள், உறையில் வகுப்பை மாற்றி எழுதுங்கள். நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிந்துவிடும். அவள் அங்கே இருக்கப்போவது இந்த ஒரு வருடம்தான்.