பெட்டை என் பெயரில், குட்டிகள் யாருக்கு?

கேள்வி: கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் (கே.சி.ஐ.) பேப்பருடன், அதாவது வம்சாவளிச் சான்றிதழுடன், என் பெயரில் பதிவான ராஜபாளையம் பெட்டை நாயை, வேலை நிமித்தம் வெளியூர் சென்றபோது நண்பரிடம் வளர்க்கக் கொடுத்தேன். எழுத்தில் எதுவும் இல்லை. என்னைக் கேட்காமலே அவர் அதை இணைசேர்த்திருக்கிறார். ஆறு குட்டிகள் பிறந்து, இரண்டு விற்பனையும் ஆகிவிட்டன. நண்பரோ, வளர்த்தவன் நான், நாய் எனது, மைக்ரோசிப் (தோலடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) எண்ணும் தடுப்பூசிப் புத்தகமும் என்னிடம் இருக்கின்றன என்கிறார். கடுவனின் (இணைசேர்த்த ஆண் நாயின்) உரிமையாளரோ தேர்வுக் குட்டியை, அதாவது அவர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் ஒரு குட்டியை, கொடுத்தால்தான் குட்டிகளின் பதிவுக்குக் கையெழுத்து என்கிறார். கிளப்பில் கேட்டால், உங்களுக்குள் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கோபம் கிளப்பின் மீது திரும்புவது இயல்புதான். ஆனால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பராமரிப்பது வம்சாவளிப் பதிவேடு மட்டுமே. ஒரு நாய் சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. பதிவேட்டில் உள்ள உரிமையாளரின் கையெழுத்து இல்லாமல் பெயர் மாற்றமோ ஈற்றுப் பதிவோ (பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதோ) நடக்காது என்பதால், உங்களை ஒதுக்கிவிட்டு உங்கள் நண்பர் அந்தக் குட்டிகளுக்குப் பேப்பர் வாங்க இயலாது; கடுவன் தரப்பின் கையெழுத்து இல்லாமல் நீங்களும் வாங்க இயலாது. மூவரில் எவரும் மற்ற இருவரை முடக்கி வைக்கலாம் என்பதே வளர்ப்பாளர்கள் பலரைச் சலிப்படையச் செய்யும் நிலை. ஆயினும் வாய்ச்சொல்லை நம்பி அலுவலகமே உரிமையாளரை மாற்றத் தொடங்கினால் அந்தப் பதிவேட்டின் எந்த வரியையும் பிறகு யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், இந்த ஒன்றில் நான் கிளப்பின் பக்கமே நிற்பேன்.

உரிமையைத் தீர்மானிப்பது நாட்டின் பொதுச் சட்டம். அதன் பார்வையில் நாய் ஓர் அசையும் சொத்து. நீங்கள் செய்தது, தென் மாவட்டங்களில் ஆடு மாடுகளை வாரத்துக்கு, அதாவது ஈற்றில் பங்கு தருவதாகப் பேசி வளர்க்க, விடுவதைப் போன்றதுதான். ஆனால் வாரத்தில் ஈற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது முதலிலேயே பேசி முடிக்கப்படும், நீங்கள் அதைப் பேசவில்லை. அப்படிப் பேசாத இடத்தில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் துணைக்கு வருகிறது. ஒப்படைக்கப்பட்ட பொருளிலிருந்து கிடைக்கும் பெருக்கமும், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், ஒப்படைத்தவருக்கே சேர வேண்டும் என்கிறது அதன் 163ஆம் பிரிவு. அந்தப் பிரிவு தரும் எடுத்துக்காட்டே, பார்த்துக்கொள்ள விடப்பட்ட பசு கன்று ஈன்றால் பசுவோடு கன்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான். அதே சட்டத்தின் 158ஆம் பிரிவு, ஊதியம் பெறாமல் பராமரித்தவருக்கு அவர் செய்த அவசியச் செலவைத் திருப்பித் தரும் கடமையை உங்கள் மேல் சுமத்துகிறது. தீவனத்துக்கும் மருத்துவருக்கும் நண்பர் செலவழித்த பணத்தைத் தர மறுத்துக்கொண்டே குட்டிகளைக் கேட்பது உங்கள் வழக்கைப் பலவீனப்படுத்தும்.

நண்பரின் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் தேவையில்லை, கையில் ஒப்படைத்தாலே போதும் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 123ஆம் பிரிவு கூறுகிறது. நாயை எனக்கே கொடுத்துவிட்டார் என்று அவர் வாதிட்டால், அவர் கையிலுள்ள தடுப்பூசிப் புத்தகமும் அத்தனை நாள் அவர் வீட்டிலேயே நாய் இருந்ததும் அதற்கு ஆதரவாக நிற்கும். உங்களுக்கு ஆதரவாக நிற்பவை, கிளப் பதிவு இன்றுவரை உங்கள் பெயரிலேயே இருப்பதும், நாயின் நலம் விசாரித்தும் செலவுக்குப் பணம் அனுப்பியும் நீங்கள் அவருடன் பேசிய வாட்ஸ்அப் உரையாடல்களும்தான். அவற்றை அழிக்காதீர்கள், கைப்பேசியையும் மாற்றிவிடாதீர்கள். மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் முன்வைக்க, இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

மைக்ரோசிப்பைப் பற்றி வீணாகக் கவலைப்பட வேண்டாம். அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே, எவருடைய பெயரும் இல்லை. ஸ்கேனர் வைத்திருக்கும் எந்தக் கால்நடை மருத்துவராலும் அந்த எண்ணைப் படித்துச் சொல்ல முடியும் என்பதால், அது அவரிடம் இருப்பது உரிமைக்குச் சான்றாகாது. உங்கள் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணும் நாயின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றே என்று நிரூபிக்க அது உதவும். அந்த வகையில் அது உங்களுக்குத்தான் பயன்படும்.

கடுவன் உரிமையாளரின் கோரிக்கையைத் தனியே பிரித்துப் பாருங்கள். கே.சி.ஐ. இணைந்துள்ள, நாய்க் கிளப்புகளின் பன்னாட்டு அமைப்பான எஃப்.சி.ஐ.யின் இனப்பெருக்க விதிகள், கட்டணத்துக்குப் பதிலாகக் குட்டி கொடுப்பதானால் இணைசேர்ப்புக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும் என்கின்றன. எந்த நாளில் தேர்வு, எந்த நாளில் ஒப்படைப்பு, தேர்வு உரிமை எப்போது காலாவதியாகும், போக்குவரத்துச் செலவு யாருடையது, ஒரே குட்டி உயிருடன் பிறந்தாலோ தேர்ந்தெடுத்த குட்டி இறந்துபோனாலோ என்ன செய்வது என்பன அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். அப்படி ஒரு தாள் இருந்தால், அவர் பேசியது உங்கள் நண்பருடன்தான், உங்களுடன் அல்ல. ஆனாலும் அவர் கையெழுத்து உங்களுக்குத் தேவை. ஆறில் ஒரு குட்டியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது, பேப்பர் இல்லாத குட்டிகளை வைத்துக்கொண்டு வழக்காடுவதை விட லாபகரமானது என்பதே என் கருத்து. பெட்டையின் அதே இணைசேரும் பருவத்தில் வேறு கடுவனும் சேர்ந்திருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால் மட்டும், முதலில் டி.என்.ஏ. பரிசோதனையை வலியுறுத்துங்கள்.

முதல் வேலையாக, உரிமைத் தகராறு இருப்பதையும் உங்கள் கையெழுத்து என்று கூறி வரும் எந்தப் படிவத்தையும் உங்களிடம் உறுதிசெய்யாமல் ஏற்க வேண்டாம் என்பதையும் கிளப்புக்கு எழுத்தில் தெரிவித்து, ஈற்றுப் பதிவின் காலக்கெடுவையும் கேட்டறியுங்கள். அடுத்து, நாயையும் குட்டிகளையும் திருப்பிக் கேட்டு நண்பருக்கு வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்புங்கள். ஒப்படைத்த பொருளை மீட்கும் வழக்குக்கு, கேட்டு மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. காவல் நிலையத்தில் நம்பிக்கை மோசடிப் புகார் கொடுக்கலாம். பெரும்பாலும் சிவில் விவகாரம் என்றே திருப்பி அனுப்புவார்கள். உரிமையியல் வழக்கு முடிவதற்குள் பெட்டையின் ஈனும் வயதே கடந்துவிடலாம் என்பதால், செலவுத் தொகையும் ஓரிரு குட்டிகளும் நண்பருக்கு, பதிவேட்டில் குட்டிகளை ஈனவைத்தவரைக் குறிக்கும் வளர்ப்பாளர் என்ற பெயரும் மற்ற குட்டிகளும் உங்களுக்கு என்று எழுதிக் கையெழுத்திடும் சமரசத்தையே முதலில் முயலச் சொல்வேன்.

குட்டிகளை விற்கும் எண்ணம் இருந்தால் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளையும் கவனியுங்கள். அவற்றின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. கிளப் பதிவு இதற்கு ஈடாகாது. ஏற்கெனவே விற்கப்பட்ட இரண்டு குட்டிகளைப் பொறுத்தவரை, விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்குக் கிடைக்காது என்பதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி. இருந்தாலும் விவரமறியாமல் வாங்கிய குடும்பங்களிடமிருந்து குட்டிகளைப் பறிப்பதை விட, அந்த விற்பனைத் தொகையை நண்பருடனான கணக்கில் சேர்த்துக்கொண்டு, வாங்கியவர்களுக்குப் பேப்பர் கிடைக்கச் செய்யுங்கள்.