சேறு உங்கள் தண்ணீரில் இல்லை, அவர் கொண்டுவந்த கம்பியில் இருக்கிறது

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம், போர் தண்ணீர்தான். கீசர் காயிலில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டி ஆறே மாதத்தில் போய்விட்டது. வீட்டுக்கு வந்த விற்பனையாளர் மீட்டரை விட்டுப் பார்த்து டிடிஎஸ் 1,100 என்றார். பிறகு இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்ததும் தண்ணீர் பழுப்புச் சேறாகிவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் அப்படியே தெளிவாக நின்றது. வீடு முழுவதற்கும் மெஷின் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: அவரிடம் போடாதீர்கள் அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகப் பிரியும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கும். அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். இதைக் காட்டிக் காட்டியே எத்தனை குடும்பங்களின் சேமிப்பைக் கறந்துவிட்டார்கள்! குழாயில் மாட்டும் காந்தமும் இதே வகைதான். அது கால்சியத்தைத் தண்ணீரிலிருந்து எடுப்பதில்லை.

மீட்டர் காட்டிய டிடிஎஸ் 1,100 என்பது தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் உத்தேசக் கணக்கு. கீசரைக் கெடுப்பது கால்சியமும் மக்னீசியமும். அவற்றின் அளவுதான் கடினத்தன்மை. அதை இந்த மீட்டர் சொல்லாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பாருங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை நன்றாகக் கழுவி, கழுத்துவரை பிடித்து அன்றே கொடுங்கள். கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை குடிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் எண்களை நிரப்பித் தருகிறார்கள். இதற்கு என்ன செய்வது என்று தமிழில் நான்கு வரி எழுதித் தருவதில்லை. அந்த இடைவெளியில்தான் கம்பிக்காரர் உள்ளே வருகிறார்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் போர், அல்லது உறவினர் வீட்டுப் போர், ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைகளுக்கு அருகில் இருந்தால் கடினத்தன்மையை இரண்டாவதாகப் பாருங்கள். தோல் பதனிடுவதில் வெளியாகும் குரோமியம் என்ற உலோகத்தையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் பார்க்க மாட்டார்கள். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினால் அதைக் குடிக்கவும் சமைக்கவும் தொடவே கூடாது. கொதிக்க வைத்தாலும் குரோமியம் போகாது, கடினத்தன்மையைக் குறைக்கும் மெஷினான சாஃப்ட்னரிலும் போகாது. நிறம், வாடை, டிடிஎஸ் எதுவும் காட்டிக்கொடுக்காது. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பாலாற்றுப் படுகை மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது, 2025-லும் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் ஒரு தலைமுறை அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்துவிட்டது.

உங்கள் கீசருக்கு வருவோம். முதலில் வெப்பத்தை 55 டிகிரிக்குக் குறையுங்கள், பொருக்குக் கட்டுவது நன்றாகக் குறையும். காயிலை வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் தாங்கவில்லை என்றால் சாஃப்ட்னர். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும், டிடிஎஸ் குறையாது. கடினத்தன்மை 500, செலவு நாளுக்கு 600 லிட்டர் என்றால் தினம் 300 கிராம் சுண்ணாம்பை அது பிடிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் விலை சொல்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மெஷினைக் கழுவிவிடும் உப்புத் தண்ணீரைத் தென்னைக்கு விடாதீர்கள்.

சமையலறைக் குழாயைச் சாஃப்ட்னரில் சேர்க்க வேண்டாம், வீட்டில் ரத்த அழுத்தக்காரர் இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வந்தால் அதைப் போர் தண்ணீரோடு ஒரே சம்பில் விடாமல் தனி டிரம்மில் பிடித்து, குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.