மூன்றாவது செமஸ்டரில் பாடங்களை விட்டால் வொர்க் பெர்மிட் என்னவாகும்?

கேள்வி: கனடாவில், ஒன்டாரியோவில் உள்ள ஒரு அரசுக் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளமோ படிக்கிறேன். இப்போது மூன்றாவது செமஸ்டர். ஆறு பாடங்களில் மூன்று ரொம்பச் சிரமமாக இருக்கின்றன. அந்த மூன்றையும் விட்டுவிட்டு, நான்காவது செமஸ்டர் முடிந்ததும் கோடையில் படித்துக்கொள்ளலாமா? பகுதிநேரமாகப் படித்தாலும் படிப்புக்குப் பிந்தைய வொர்க் பெர்மிட் கிடைக்கும் என்று என் அறைத்தோழர் சொல்கிறார்.

பதில்: தயவுசெய்து இன்றைக்கு எந்தப் பாடத்தையும் விடாதீர்கள். உங்கள் நண்பர் சொல்வது கடைசி செமஸ்டருக்கு மட்டும்தான் பொருந்தும். படிப்பின் ஒவ்வொரு செமஸ்டரிலும் நீங்கள் முழுநேர மாணவராக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் படிப்புக்குப் பிந்தைய இந்த வொர்க் பெர்மிட்டுக்கான (பி.ஜி.டபிள்யூ.பி.) அடிப்படை விதி. கடைசி செமஸ்டரில் மிச்சமிருக்கும் ஓரிரு பாடங்களை மட்டும் எடுத்துப் பகுதிநேரமாக முடித்தால் பாதகமில்லை. மூன்றாவதில் பகுதிநேரமாகிவிட்டு, விட்ட பாடங்களைக் கோடையில் முடித்தாலும் அந்த ஓட்டை அடைபடாது. விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி உங்கள் மதிப்பெண் பட்டியலை (டிரான்ஸ்கிரிப்ட்) செமஸ்டர் செமஸ்டராகப் பார்ப்பார்.

முதலில் ஒரு கணக்கு. எத்தனை பாடம் எடுத்தால் முழுநேரம் என்பதைக் குடிவரவுத் துறை சொல்வதில்லை, கல்லூரிதான் சொல்லும். ஒன்டாரியோ கல்லூரிகளில் பொதுவாக அந்த செமஸ்டருக்கான பாடங்களில் மூன்றில் இரண்டு பங்கு, அல்லது வகுப்பு நேரத்தில் 70 சதவீதம் இருந்தால் முழுநேரம். ஆக, ஆறில் இரண்டை விட்டு நான்கை வைத்துக்கொண்டால் நீங்கள் முழுநேர மாணவராகவே இருக்க வாய்ப்பு உண்டு. மூன்றை விட்டால் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுவீர்கள். கல்லூரியின் சர்வதேச மாணவர் ஆலோசகரிடம் போய், “இந்த இரண்டை விட்டால் நான் முழுநேரமா?” என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பாடத்தை என்ன செய்வது? ஃபெயிலானாலும் பரவாயில்லை, விடாதீர்கள். கடைசிவரை பதிவில் இருந்து ஃபெயிலானால் மதிப்பெண் சராசரி அடிவாங்கும், பாடத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் அந்த செமஸ்டர் முழுநேரமாகவே நிற்கும். பாடத்தை விட்டு முழுநேரத் தகுதியை இழப்பது அதைவிடப் பெரிய நஷ்டம். சராசரி சரிந்து கல்லூரியே உங்களை நிறுத்திவைக்கும் நிலை வருமா என்று மட்டும் ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது செமஸ்டரில் நிறைய பேர் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. இதுதான் கடைசி என்று நம்பி இரண்டே பாடம் எடுப்பார்கள், அதில் ஒன்று ஃபெயிலாகிவிடும். மறுபடி எழுத இன்னொரு செமஸ்டர் சேரும். அப்போது அந்தப் புதிய செமஸ்டர்தான் கடைசி, முந்தையது நடுவில் வந்த பகுதிநேர செமஸ்டராக மாறிவிடும். தேறுவோமா என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் நான்காவதையும் முழுநேரமாகவே எடுங்கள்.

வேலை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 24 மணி நேரம் வெளியே வேலை செய்யும் அனுமதி முழுநேர மாணவருக்கு உரியது. நடுவில் பகுதிநேரமானால் 24 மணி நேரம் குறைவதோடு நிற்காது, அனுமதியே போய்விடும். அது தெரியாமல் ஷிஃப்டுக்குப் போனால் அனுமதியில்லாமல் வேலை செய்ததாகிவிடும். அந்தச் சிக்கல் பின்னால் நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் தொடரும்.

சிரமத்துக்குக் காரணம் உடல்நலமோ குடும்பச் சூழ்நிலையோ என்றால், பாதி செமஸ்டரை இழுப்பதைவிட, கல்லூரி ஒப்புதலோடு முறையான விடுப்பு எடுப்பது நல்லது. 150 நாள் வரை அதற்கு இடமுண்டு. கல்லூரியின் கடிதத்தையும் மருத்துவச் சான்றையும் பத்திரமாக வையுங்கள். விடுப்பில் இருக்கும்போது வேலைக்குப் போகக்கூடாது.

ஏற்கெனவே நடுவில் பகுதிநேரமாகிவிட்டவர்களுக்கு: மறைக்காதீர்கள். காரணத்தை ஆவணங்களோடு விளக்கிக் கடிதம் எழுதுங்கள். விண்ணப்பிக்கும் முன் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டுங்கள். தகுதியுள்ள இன்னொரு படிப்பை முழுநேரமாக முடித்து, அதை வைத்து விண்ணப்பிப்பது இன்னொரு வழி. செலவு அதிகம்தான். இந்த பெர்மிட் வாழ்நாளில் ஒரே முறைதான் கிடைக்கும், இரண்டு வருடப் படிப்புக்கு மூன்று வருடம் வரை. ஆகவே செலவை மட்டும் பார்த்து, அந்த வழியை யோசிக்காமல் ஒதுக்கிவிட வேண்டாம்.

எல்லாம் சரியாக முடிந்தால், படிப்பை முடித்ததாகக் கல்லூரி உறுதிசெய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். ஸ்டடி பெர்மிட் காலாவதியாகும் முன்பே போட்டுவிட்டால், முடிவு வரும்வரை முழுநேர வேலையும் பார்க்கலாம்.