மெமோவில் மணியை எழுதச் சொல்லுங்கள்

கைது, விசாரணை, ஸ்டேஷன் அனுபவம் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாடு காவல்துறையில் 1989-ல் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி.

சார், என் மாமாவை "சும்மா விசாரணைக்கு" என்று கூட்டிப்போய் இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். கேட்டால் "நாங்க கைதே பண்ணலையே" என்கிறார்கள்.

எங்கள் துறையிலேயே வசதியான சொல் இந்த "விசாரணை"தான். சாட்சியாகக் கூப்பிடுவதென்றால் பிரிவு 179-ன்படி எழுத்தில் அழைக்க வேண்டும். சந்தேகப்படும் ஆளைக் கைது செய்யத் தேவையில்லை என்றால் 35(3)-ன்படி நோட்டீஸ். இல்லையா, கைது. இரவில் பெஞ்சில் உட்காரவைத்துக் காலையில் டீ வாங்கிக்கொடுக்கும் ஏற்பாடு எந்தப் பிரிவிலும் கிடையாது.

உங்கள் மாமா எழுந்து "வீட்டுக்குப் போறேன்" என்று சொன்னால் விட்டிருப்பார்களா? விடமாட்டார்கள் என்றால் அது காவல்தான். அந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசியலமைப்பின் 22-வது பிரிவும் பி.என்.எஸ்.எஸ். 58-ம் இதைத்தான் சொல்கின்றன. ஆனால் காகிதத்தில் என்ன ஏறும் தெரியுமா? "இன்று காலை 6 மணிக்குப் பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றவரை..." இந்த வரியை நானே எழுதியிருக்கிறேன். நின்றவர் அதற்கு முந்தைய இரண்டு நாளும் எங்கள் ஸ்டேஷனில்தான் இருந்தார்.

அந்தக் காலத்தில் விவரம் தெரிந்த குடும்பங்கள் உடனே தந்தி ஆபீஸுக்கு ஓடும். எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் ஒரு தந்தி. அதில் விழும் நேர முத்திரைக்கு எங்கள் ஸ்டேஷன் நடுங்கும். 2013-ல் தந்தி நின்றுபோனது. இப்போது மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அந்த வேலையைச் செய்யும்.

கைது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது நாம் என்ன கேட்கலாம்?

ஏன் கைது, ஜாமீனில் விடக்கூடிய குற்றமா என்பதை அவர்களே சொல்ல வேண்டும் (47). வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும் (48). விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், முழு நேரமும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது (38). வந்தவர் சட்டையில் பெயர்ப் பட்டை தெளிவாகத் தெரிய வேண்டும் (36). இவற்றில் பெரும்பாலானவை டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் போட்ட உத்தரவிலேயே இருந்தவை. அந்த வழக்கின் தொடக்கம், லாக்கப் மரணச் செய்திகளை இணைத்து 1986-ல் மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் தலைவராக இருந்த பாசு இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதம்.

என்னைக் கேட்டால், கைது விவரங்களை எழுதும் தாளான அரெஸ்ட் மெமோவைப் பாருங்கள். பெயர், ஊர், பிரிவு எல்லாம் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் அழகாக நிரப்பியிருப்பார், நேரம் மட்டும் காலியாக இருக்கும். "சார், மணியைப் போட்டுடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத்தாளில் மட்டும் எக்காரணத்துக்கும் கையெழுத்து வேண்டாம்.

இரவு எட்டு மணிக்குப் போன் செய்து, சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். நான் பெண். போகணுமா?

வேண்டாம். பெண்களையும் 60 வயது கடந்த ஆண்களையும் சாட்சியாக விசாரிக்க அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். கைது என்றாலும், அசாதாரணச் சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்வதென்றால் பெண் அதிகாரி எழுத்துமூலம் மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

நேரடியாகக் கேட்கிறேன். நீங்கள் யாரையாவது அடித்திருக்கிறீர்களா?

அடித்திருக்கிறேன். ஒரு நகைத் திருட்டு. மேலே இருந்து தினமும் போன், "எப்பய்யா முடிப்பே?" ஒரு பையனைப் பிடித்தோம், அடி தாங்காமல் ஒத்துக்கொண்டான். நகை எங்கே என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு இடம் சொன்னான். நான்கு நாள் கழித்து நகை வேறொருவனிடம் கிடைத்தது. பையனுடைய அம்மா வந்து கூட்டிப்போனார். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார், அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதை வைத்துப் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படும். அடி விழுவது பெரும்பாலும் அந்த மீட்புக்காகத்தான்.

பயிற்சி கொடுத்தால் போலீஸ் மாறிவிடுமா? இது வெள்ளைக்காரன் விட்டுப்போன புத்தி என்கிறார்களே?

வெள்ளைக்காரன் மேல் மட்டும் போட்டுத் தப்பிக்க முடியாது. சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரித்த கமிஷன் 1855-ல் அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒத்துக்கொள்ள வைக்கவும் விரல்களை நசுக்கும் கிட்டி முதலானவற்றைப் பயன்படுத்தியதை அது பதிவு செய்திருக்கிறது. கிட்டி போட்டவர்கள் பெரும்பாலும் நம் ஊர் ஆட்கள்தான்.

பயிற்சி வகுப்பில் மனித உரிமை பாடம் நானும் கேட்டேன். மறுநாள் ஸ்டேஷனில், மேலதிகாரி ஏட்டை "வாடா போடா" என்று கூப்பிட்டதையும் கேட்டேன். அந்த ஏட்டு மனுவோடு வரும் கிழவியை எப்படிக் கூப்பிடுவார்? பதிவாகிறது என்று தெரிந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் நடத்தை மாறி நான் பார்த்திருக்கிறேன். 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் கைது செய்த தந்தையும் மகனும் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், வேறொரு வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். கேமரா வந்த இடங்களிலும் தேவைப்படும் நாளில் "சர்வீஸுக்குப் போயிருக்கு" என்பார்கள். "பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது" என்று மாவுக்கட்டோடு போட்டோவும் வரும். அதனால் பதிவைக் கேட்டு உடனே மனு போட்டுவிடுங்கள்.

அண்ணா, தம்பியை நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டிப்போனார்கள். இப்போது மணி நாலு. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

இதைப் படித்துக்கொண்டு உட்காராதீர்கள், தங்கச்சி. 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும். தனியாக வேண்டாம், இரண்டு பேராக ஸ்டேஷனுக்குப் போங்கள். பேசுகிறவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். "இங்கே இல்லை" என்றால் வக்கீல் மூலம் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அதற்கு முன்னால் எஸ்.பி. அலுவலகத்துக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த வண்டி, எத்தனை பேர், சீருடையா மப்டியா, தெரிந்ததெல்லாம் எழுதுங்கள். முதல் வரி "நேற்று மாலை 6 மணிக்கு" என்று இருக்கட்டும்.