இருபத்தைந்து இலக்க எண் ஒன்றில் அப்படி என்ன விசேஷம் இருந்துவிட முடியும்?

கேள்வியின் தொனியைப் பார்த்தால், யாரோ உங்களிடம் ஒரு நீளமான எண்ணைக் காட்டிப் பெருமையடித்திருக்கிறார், நீங்கள் கொட்டாவி விட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பெருமையடிக்கும் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

3608528850368400786036725.

இடப்பக்கத்திலிருந்து வாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் 36, இரண்டால் வகுபடும். 360 மூன்றால், 3608 நான்கால், 36085 ஐந்தால். இப்படியே போய் முழு எண்ணும் 25ஆல் வகுபடும்வரை ஓரிடத்திலும் மீதி வராது. எனக்குப் பிடித்தது பதினோராவது படி: 36085288503. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 3+0+5+8+5+3, மொத்தம் 24. விடுபட்டவை 6+8+2+8+0, அதுவும் 24. பதினொன்றால் வகுபட இது போதும்.

சரி, ஏன் 25இல் நிற்கிறது? கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்த்து 26ஆல் வகுத்தால் மீதி 12. சரிக்கட்ட 14 வேண்டும். ஒரே இலக்கத்தில் 9க்கு மேல் ஏது? அங்கேயே கதை முடிந்தது. பத்து இலக்கம் வரை இந்தத் தொல்லை இல்லை. 0 முதல் 9 வரை பத்து வாய்ப்புகள் இருப்பதால் ஏதாவது ஒன்று பொருந்தியே தீரும். அதற்குப் பிறகுதான் கழிபடத் தொடங்குகின்றன. பத்து இலக்கத்தில் இத்தகைய எண்கள் 2492, இருபதில் 44, இருபத்து நான்கில் 3, இருபத்தைந்தில் இது ஒன்றே ஒன்று.

இத்தனையையும் நான் காகிதத்தில், பேனாவால் வகுத்துப் பார்த்தேன். 17, 19, 23 எல்லாம் நெடுவகுத்தல்தான். நிரல் எழுதினால் ஒரு நொடி வேலை என்று சொல்ல வருபவர்களுக்கு: தெரியும், எனக்கும் நிரல் எழுத வரும். இது பத்தடிமானத்தில், அதாவது பத்து இலக்கங்களை வைத்து எழுதும் நம் வழக்கமான எண்முறையில், மட்டும் செல்லும் வித்தை, ஆழமான கணிதம் இல்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆழம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. இலக்கங்களை வைத்து ஆடும் இத்தகைய புதிர்களைக் கணித மேதை ஹார்டியே மதிக்கவில்லை. அவர் மதிக்காததால் எனக்குக் கிடைத்த சந்தோஷம் குறைந்துவிடவில்லை.

காகிதத்துக்குப் போனதற்குக் காரணம் உண்டு. இந்த எண்ணை அலுவலகக் கணினியின் விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) உள்ளிட்டேன். அது பதினைந்து இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பூஜ்யமாக்கிவிட்டது, ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. எங்கள் பதிவேட்டில் உள்ள அடையாள எண்கள் பதினாறு இலக்கம்! அவற்றையும் எண்ணாக உள்ளிடாமல் எழுத்தாகச் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி இலக்கம் போய்விடும் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். "வேலை நேரத்தில் எண் விளையாட்டா?" என்றார். பிறகு எல்லா அடையாள எண்களும் பூஜ்யத்தில் முடிந்து, யாருடைய பதிவு யாருடையது என்றே தெரியாமல் போனபோது, சரிபார்க்கும் பொறுப்பு யாருக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? எனக்குத்தான். அந்த மனிதருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.